‘ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது!’

பக்கத்து சீட்டுச் சண்டை காதலில் முடிவது நமக்குப் பழகிய கதை. சண்டை போட்ட இருவரும் பெண்கள் என்றால்? இருவரும் ஆண்கள் என்றால்? தல்லாகுளத்து ஆபீஸ்களில் தொடங்கி போபால் போலீஸ் முகாம் வரை ஒரு சிறப்புப் பார்வை.

தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் காலைக் கூட்டம் கலையும் நேரத்தில்தான் அந்தப் பகுதி ஆபீஸ்கள் விழித்துக்கொள்கின்றன. மாநகராட்சியின் அண்ணா மாளிகை, தபால் நிலையம், வங்கிக் கிளைகள், வக்கீல் ஆபீஸ்கள், ஸ்கேன் சென்டர்கள், போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புகள், கொஞ்சம் தள்ளி அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி... வைகையின் வடகரையில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் புழங்கும் இடம் இது. இங்கே எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும் ஒரு ஜோடியைக் காட்டிச் சிரிக்க ஆள் இருக்கும். ‘அந்தா... அவங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது!’

சண்டைக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஃபேனை மூன்றில் வைப்பதா நாலில் வைப்பதா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, நேற்றைய ரெஜிஸ்டரில் தப்பாகக் கூட்டியது யார் என்பதெல்லாம் போதும். “ஸ்டேப்ளர எடுத்தா எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா?” “ஆமா, உங்க தாத்தா வாங்கிக் குடுத்த ஸ்டேப்ளரு பாரு!” என்று ஆரம்பிக்கும். மதுரையில் இதற்கு லந்து என்று பெயர். செக்ஷனே ரசிக்கும். பெரியவர் யாராவது, “ஒங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு ஒரு டீயக் குடிக்க முடியுதா?” என்று அலுத்துக்கொள்வார். பிறகு ஒருநாள் இருவரில் ஒருவர் லீவு போடுவார். மற்றவருக்கு அன்றைக்கு வேலை ஓடாது. ஸ்டேப்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும், அதுதான் பிரச்சினை.

அந்த ஜோடியில் ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் ஆபீஸ் நாலாம் மாதமே தீர்ப்பு எழுதிவிடும். சாதி ஒத்துவருமா, வீட்டில் சம்மதிப்பார்களா, மொய் எவ்வளவு என்பது வரை கேன்டீனில் பேசி முடித்திருப்பார்கள். இருவரும் பெண்களாகவோ இருவரும் ஆண்களாகவோ இருந்தால் அந்தச் சந்தேகம் ஒருவருக்கும் வராது. பல நேரம், அந்த இருவருக்கே வராது.

இந்தக் கட்டுரை அந்த இருவரைப் பற்றியது. யாருக்கும் சந்தேகம் வராதது அவர்களுக்கு நிழல் மாதிரித் தோன்றும். ஆனால் காதலை ஒளித்துவைக்கும் அதே மறைப்புதான், ஒரு நெருக்கடி வரும்போது அவர்களைச் சட்டத்தின் முன்னும் குடும்பத்தின் முன்னும் ஒன்றுமே இல்லாதவர்களாக்குகிறது.

மருதத்து வழக்கம்

சண்டையைக் காதலின் கணக்கில் எழுதியவர்கள் நாம். ஐந்திணைகளில் வயலும் வயல் சார்ந்த இடமுமான மருத நிலத்துக்குச் சொல்லப்பட்ட உரிப்பொருள் ஊடல். வைகை பாய்ந்து விளைவித்த மதுரைச் சமவெளி அசல் மருத நிலம். திருக்குறளின் காமத்துப்பால் 109-ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. நூலே முடியும் கடைசி மூன்று அதிகாரங்களும் சண்டைக்குத்தான்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1,330 குறள்களுக்கு முத்தாய்ப்பாக வள்ளுவர் வைத்தது கோபித்துக்கொள்வதில் இருக்கும் இன்பத்தை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இலக்கியத்து ஊடல், காதலர்கள் என்று ஆகிவிட்ட பிறகு வருவது. ஆபீஸ் சண்டை காதலுக்கு முன்னால் வருகிறது. அதைக் கொண்டாடிப் பழக்கியது சினிமா. மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதையை, கறுப்பு வெள்ளைக் காலம் தொட்டுத் தமிழ்த் திரை எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்று எண்ண முடியாது. கல்லூரி வாசலில் அறைந்தவளைத்தான் கதாநாயகன் கடைசி ரீலில் கட்டுவான். அந்தக் கதையில் மாறாத ஒரே விதி, இருவரும் ஆணும் பெண்ணுமாக இருக்க வேண்டும் என்பது.

மதுரையின் சித்திரைத் திருவிழாவோ இந்த விஷயத்தில் சினிமாவைவிடத் தாராளமானது. கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடப்பது தல்லாகுளத்தில். பெருமாள் கோயிலில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்துதான் அவர் ஆற்றில் இறங்குகிறார். தங்கை மீனாட்சியின் கல்யாணம் தனக்கு முன்பே முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு அவர் வண்டியூர் போய்விட்டதாகவும், அங்கே துலுக்க நாச்சியாரிடம் தங்கியதாகவும் ஊர்க்கதை சொல்கிறது. ஒரு கோபம், ஒரு காதல், நடுவே ஒரு மத எல்லை. மூன்றையும் சுமந்துகொண்டு லட்சக்கணக்கானோர் முன்னால் சாமி போகிறார். எதிர்பாராத இடத்தில் அன்பு பிறக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பவரோடுதான் சண்டை

ஆபீஸில் இத்தனை சண்டையும் இத்தனை காதலும் ஏன் முளைக்கின்றன? 1950-ல் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்துக் குடியிருப்பில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் ஆனார்கள் என்பதைக் குணமோ கொள்கையோ அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. வாசலுக்கு வாசல் இருந்த தூரம் தீர்மானித்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

1976-ல் வெளியான இன்னொரு ஆய்வு அதற்கு மறுபாதியைச் சேர்த்தது. எப்சன், ஜோஸ், கொனெச்னி என்ற மூவர், கலிஃபோர்னியாவின் குடியிருப்பு ஒன்றில், ‘உங்களுக்குப் பிடிக்காதவர் யார்?’ என்றும் கேட்டார்கள். பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். அருகாமை நண்பர்களை மட்டுமல்ல, எதிரிகளையும் உண்டாக்குகிறது. ஒரே மேஜை, ஒரே ஃபேன், ஒரே மேலாளர், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று இருக்கும் இடத்தில் இரண்டும் விளையும். சில நேரம் ஒரே ஆளிடம் இரண்டும் விளையும்.

உடம்பின் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 1974-ல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் இருவரும் கனடாவின் காப்பிலானோ தொங்கு பாலத்தில் செய்த சோதனை உளவியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது. ஆடும் பாலத்தைக் கடந்து படபடப்போடு வந்த ஆண்களில், அங்கே நின்று பேட்டி எடுத்த பெண்ணுக்குப் பிறகு ஃபோன் செய்தவர்கள், உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகம். பயத்தில் வந்த படபடப்பை மனம் ஈர்ப்பு என்று படித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் முடிவு. பட்ஜெட் மீட்டிங்கில் எதிரும் புதிருமாக நின்று கத்தியபோது அடித்துக்கொண்ட நெஞ்சும் அப்படிப் பொய் சொல்லலாம், உண்மையும் சொல்லலாம்.

‘நான் அப்படி இல்லையே!’

இதுவரை ஆண், பெண் யாருக்கும் பொருந்தும் கதை. இதற்கு மேல்தான் சிக்கல். முப்பது வயது வரை ஆண்களையே விரும்பிய பெண்ணுக்கு, பக்கத்து சீட்டுப் பெண் மீது ஏக்கம் வந்தால் அவள் தன்னை என்னவென்று நினைப்பாள்? பெரும்பாலும் ஒன்றும் நினைக்க மாட்டாள். ‘அவ என்னை ரொம்ப எரிச்சல்படுத்துறா, அதான் எந்நேரமும் அவ நெனப்பாவே இருக்கு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். சண்டை அவளுக்கு வசதியான விளக்கம்.

மனிதரை ‘இந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்று இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதை 1948-லேயே ஆல்ஃபிரட் கின்சி சொல்லிவிட்டார். பூஜ்யத்தில் தொடங்கி ஆறு வரை போகும் அவருடைய அளவுகோலில் நடுவே ஏராளமானோர் நின்றார்கள். ஆண்டுகள் போகப் போக ஒரே ஆளின் இடம் மாறுமா என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தவர், யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் லிசா டயமண்ட். தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்ட, அல்லது எந்தப் பெயரும் வேண்டாம் என்ற பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு, 2008-ல் நூலாக வெளியிட்டார். அந்தப் பத்தாண்டில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள், தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அடையாளப் பெயரை ஒரு முறையாவது மாற்றியிருந்தார்கள்.

டயமண்டின் இன்னொரு வாதம் நம் கதைக்கு நேரே வருகிறது. உடல் ஈர்ப்பும், ஒருவரைச் சார்ந்து ஒட்டிக்கொள்ளும் பாசமும் வேறு வேறு வேர்களிலிருந்து வருபவை என்கிறார் அவர். அதனால் உடம்பு வழக்கமாக எந்தப் பாலினத்தை நாடுமோ அதைத் தாண்டியும் ஒருவர் மீது ஆழ்ந்த காதல் பிறக்கலாம். முதலில் மனம் ஒட்டி, ஆசை பின்னால் வரலாம். ‘பெண்கள் மீது எனக்கு ஈர்ப்பு கிடையாது; இவள் மீது மட்டும்தான்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இதைத் தப்பாகப் படிப்பவர்களும் உண்டு. ‘தானாக மாறுமென்றால் மாற்றவும் முடியும்தானே?’ என்று பெற்றோர் பிள்ளைகளை மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் இழுத்துப் போகிறார்கள். ஈர்ப்பு நகரக்கூடும் என்பதற்கு, யாரும் பிடித்து நகர்த்தலாம் என்று பொருளில்லை. டயமண்டே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இத்தகைய ‘மாற்று சிகிச்சை’ தொழில்நெறிக் குற்றம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அந்த உத்தரவு பிறக்கக் காரணமான வழக்கு, மதுரையில் தொடங்கியது.

இரண்டு சீருடைகள், இரண்டு காலங்கள்

அதற்கு முன் போபாலுக்குப் போய்வர வேண்டும். ஒரே வேலையிடத்தில் பழகிய இருவரின் காதல் இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய செய்தியானது அங்கேதான். மத்தியப் பிரதேச ஆயுதப் படையின் 23-வது பட்டாலியனில் இருந்த இரண்டு பெண் காவலர்கள் 1987 டிசம்பரில் மாலை மாற்றிக்கொண்டார்கள். விஷயம் முகாமுக்குத் தெரிந்ததும் இருவரும் வேலையை இழந்தார்கள். 1988 பிப்ரவரியில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் இவர்கள் படம் வந்தது. அவர்கள் உறவை இயல்பாக எடுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள் என்று அன்றைய செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. ஊர் ஏற்றுக்கொண்டதை வேலையிடம் ஏற்கவில்லை.

அலிகாரில் 2010-ல் நடந்தது அதைவிடக் கொடுமை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி பேராசிரியராக இருந்த ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவோடு சிலர் நுழைந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைப் படம் பிடித்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தவர்களை விட்டுவிட்டு, பேராசிரியரைத்தான் பல்கலைக்கழகம் சஸ்பெண்ட் செய்தது. ஏப்ரல் 1-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7-ல் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார்.

2020 ஜூலையில் காட்சி மாறியது. குஜராத்தின் மகிசாகர் மாவட்டத்தில் காவலர்களாக வேலை பார்த்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழும் தங்களுக்கு உறவினர்களால் ஆபத்து என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போலீஸ் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அதே சீருடை, அதே உறவு. அன்று போபாலில் காக்கிச் சட்டை அந்த இருவரைத் துரத்தியது. 2020-ல் காவலுக்கு நின்றது.

நடுவில் நடந்தது சட்டப் போராட்டம். 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று அறிவித்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. தமிழர் வாழும் சிங்கப்பூரும் 2022 நவம்பரில் இதே போன்ற சட்டத்தை நீக்கத் தீர்மானித்தது. இலங்கையிலும் மலேசியாவிலும் ஆங்கிலேயர் விட்டுப்போன பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன.

மதுரையிலிருந்து கிளம்பிய இருவர்

2021-ன் தொடக்கத்தில் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசிப்பதை வீட்டார் ஏற்க மறுத்ததால் சென்னைக்குக் கிளம்பினார்கள். இவர்கள் ஒரே ஆபீஸ்காரர்கள் அல்லர், படித்துக்கொண்டிருந்தவர்கள். பெற்றோர் மதுரையில் ‘காணவில்லை’ என்று புகார் கொடுக்க, வழக்குப் பதிவானது. போலீஸ் தேடி வந்து தொல்லை கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள்.

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. வழக்கமான பாதுகாப்பு உத்தரவு ஒன்றைப் போட்டுவிட்டு அவர் அடுத்த கட்டுக்குப் போயிருக்கலாம். பெண்களையும் பெற்றோரையும் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். பெண்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை என்றும், பெற்றோருக்குத்தான் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் என்றும் அறிக்கை வந்தது. அப்போது நீதிபதி செய்தது, இந்திய நீதிமன்ற வரலாற்றில் அரிது: இந்த விஷயத்தில் தனக்கும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி, தனக்கும் அதே நிபுணரிடம் நேரம் கேட்டார். பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) சிலரையும், சாத்தி என்ற தொண்டு அமைப்பின் எல். ராமகிருஷ்ணனையும் சந்தித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் தீர்ப்பை எழுத உட்கார்ந்தார்.

2021 ஜூன் 7-ல் வந்தது உத்தரவு. ‘காணவில்லை’ புகாரில் தேடப்படுபவர்கள் மனமொத்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் வழக்கை முடிக்க வேண்டும். பாதுகாப்புக்கு இல்லங்கள் வேண்டும். போலீஸ், நீதித்துறை, பள்ளி, கல்லூரி, வேலையிடம் எல்லாவற்றிலும் விழிப்புணர்வு வேண்டும். ‘மாற்று சிகிச்சை’க்குத் தடை வேண்டும். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் புதிய விதியைச் சேர்த்தது: பால்புதுமையரையோ அவர்களுக்காக உழைப்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. போபால் பட்டாலியன் காலத்திலிருந்து பார்த்தால் இது எவ்வளவு தூரம் என்று புரியும்.

மதுரைக்கு இதில் முன்கதையும் உண்டு. அமெரிக்கன் கல்லூரியில் படித்த கோபி சங்கர், 2011-ல் சிருஷ்டி மதுரை அமைப்பைத் தொடங்கினார். 2012 ஜூலையில் மதுரைத் தெருவில் பால்புதுமையர் ஊர்வலம் நடந்தது. இடைப்பால் அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்ன அவர், 2016 சட்டமன்றத் தேர்தலில் மதுரை வடக்குத் தொகுதியில் நின்றார். தல்லாகுளம் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 22-ல் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை, தூத்துக்குடி கோயிலில் திருமணம் செய்துகொண்ட ஓர் ஆணும் திருநங்கையும் தொடுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என்றது. எழுதியவர் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன்.

கல்யாணம் இல்லாத குடும்பம்

ஒரே பாலினத்தவருக்குக் கல்யாணம் உண்டா? 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் வேண்டாம், சேர்ந்து வாழ்வதற்காவது ஓர் அங்கீகாரம் என்ற கேள்வியில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

அந்தக் கதவு மூடிய பிறகு தமிழ்நாட்டு நீதிமன்றம் பக்கத்து ஜன்னலைத் திறந்தது. தன்னோடு வாழ்ந்த பெண்ணை அவளுடைய வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பெண் போட்ட ஆட்கொணர்வு மனு அது. 2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்றார்கள். கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, தானாகத் தேர்ந்துகொண்ட உறவும் குடும்பம்தான் என்று தீர்ப்பில் எழுதினார்கள். புகாரைக் கையாண்ட போலீஸின் அலட்சியத்தையும் கண்டித்தார்கள். நடத்தை விதி திருத்தப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாச் சண்டையும் காதல் இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. மோதல் என்றாலே காதல் என்று படித்துக்கொள்வது சினிமா பழக்கிவிட்ட ஆபத்து. ‘திட்டுறான்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்’ என்று சொல்லித்தான் இங்கே பல பெண்கள் விரட்டப்பட்டார்கள். ஆபீஸ் லந்துக்கு ஓர் இலக்கணம் உண்டு: இருவரும் சமமாகக் கொடுப்பார்கள், சமமாக வாங்குவார்கள்; ஒருவர் ‘போதும்’ என்றால் மற்றவர் நிறுத்துவார். மேலாளர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரைத் தினமும் மட்டம் தட்டுவது இதில் சேராது. அது அதிகாரம்.

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தொல்லை கொடுப்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண் மீதும் உள்விசாரணைக் குழுவில் புகார் கொடுக்கலாம் என்று 2020 நவம்பரில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் பாதிக்கப்பட்ட ஆண் இந்தச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்க வழியில்லை. இன்னொரு தொல்லையும் இருக்கிறது: இருவர் உறவைத் தெரிந்துகொண்டு ‘வீட்டுக்குச் சொல்லிடவா?’ என்று மிரட்டுவது. கேன்டீன் கிசுகிசு அதுவரை போனால் அது விளையாட்டில்லை. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னபோது, பாலீர்ப்பையும் அதற்குள் சேர்த்துத்தான் சொன்னது.

‘குடும்பம்’ என்ற கட்டம்

வேலை பார்க்கும் இடத்தில் பிறந்த காதலுக்கு அதே வேலையிடம் என்ன வைத்திருக்கிறது? பதில் காதலைப் போல இருக்காது. படிவத்தைப் போல இருக்கும்.

வேலையில் சேரும் நாளில் நிரப்பும் பிராவிடன்ட் ஃபண்ட் நாமினி படிவத்தைப் பாருங்கள். விதிப்படி குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோர். இப்படி ஒரு குடும்பம் இருப்பவர் வெளியாள் பெயரை எழுதினால் செல்லாது. கிராஜுவிட்டிக்கும் இதே கதைதான். பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, வாடகையையும் வைத்தியச் செலவையும் பகிர்ந்தவர், சட்டத்தின் கண்ணில் வெளியாள். இருவரும் ஒரே ஆபீஸ் என்றால் இறந்தவருக்கு ஒரு நாள் இரங்கல் விடுமுறைகூட மற்றவருக்கு உறவு சொல்லிக் கேட்க முடியாது. ‘ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதே, நீ ஏன் இப்படி அழற?’ என்று கேட்கவும் ஆள் இருக்கும்.

திறந்திருக்கும் வழிகளும் உண்டு. 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய நிதியமைச்சகம், பால்புதுமையர் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் தங்கள் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று விளக்கம் கொடுத்தது. சேர்ந்து வாழும் துணையை ரேஷன் அட்டையில் ஒரே வீட்டுக்காரராகக் கருதலாம், இறந்தவர் உடலை நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணை கேட்டுப் பெறலாம் என்றும் அந்த ஆண்டே அரசுக் கடிதங்கள் போயின. சொத்துக்கு உயில் எழுதலாம். எழுதினால் யாருக்கும் எழுதலாம். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இருவர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குடும்ப உறவு ஒப்பந்தத்துக்கு அரசு அங்கீகாரம் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னார். 2025-ல் தமிழக அரசு வெளியிட்ட மாநிலக் கொள்கையோ திருநருக்கானது. பக்கத்து சீட்டில் சண்டை போடும் அந்த இரு பெண்களோ இரு ஆண்களோ அதில் இல்லை.

அரசுக்காகக் காத்திராமல் நிறுவனங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. டாடா ஸ்டீல் 2019 டிசம்பரிலேயே, ஊழியர்கள் ஒரே பாலினத் துணையைப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனை, விடுமுறை, இடமாற்றம் போன்ற சலுகைகளைப் பெறலாம் என்று அறிவித்தது. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மனிதவளத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது.

கதைகளும் நகர்கின்றன. 2025 காதலர் தினத்தில் வெளியான ‘காதல் என்பது பொதுவுடைமை’ படத்தில், மகள் வீட்டுக்கு அழைத்து வரும் துணை ஒரு பெண். அம்மாவாக ரோகிணி. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் அந்தப் படம் பெரும்பகுதி ஒரு வீட்டு வரவேற்பறையில் நடக்கிறது. நம் சமூகம் அந்த விவாதத்தைத் தொடங்கியிருக்கும் இடமும் அதுதான். ஆனால் மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிப்பது வரவேற்பறையில் அல்ல, ஆபீஸில். அங்கே இந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

தல்லாகுளத்து செக்ஷன்களில் நாளைக்கும் ஸ்டேப்ளருக்குச் சண்டை நடக்கும். அதில் எது வெறும் எரிச்சல், எது நட்பு, எது காதல் என்று வெளியில் இருக்கும் நாம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இருவருக்கே அது தெரிய நாளாகலாம். நம் வேலை வேறு. தெரிந்த பிறகு அவர்களில் ஒருவர் மனிதவளத் துறையில் போய், “நாமினி பேரை மாத்தணும்” என்று கேட்டால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்காமல், குரலைத் தாழ்த்தாமல், படிவத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். ஊர்வலங்களும் தீர்ப்புகளும் இதுவரை கொண்டுவந்து சேர்த்தது ஆபீஸ் வாசல் வரை. உள்ளே இருக்கும் மீதித் தூரம், அங்கே சம்பளம் வாங்கும் நம்முடையது.